நல்ல மூளைக்கு ஃபைல் கிடையாது

மார்கழி மாதம் ஒரு வியாழக்கிழமை காலை பதினொன்று நாற்பதுக்கு, அரியலூரில் என் வீட்டு வாசலில் தபால்காரர் கையெழுத்து வாங்கிக்கொண்டு ஓர் உறையைக் கொடுத்தார். வந்த நேரத்தை உறையின் மூலையில் எழுதிவிட்டுத்தான் பிரித்தேன். அது என் பழக்கம். ஒரு மருத்துவக் கல்லூரியின் ஆய்வுத் துறையிலிருந்து வந்த ஒரு பக்கக் கடிதம். ஆங்கிலத்தில் இருந்தது. நடுப்பகுதியை என் தமிழில் தருகிறேன்: "உடற்கொடை அளித்த அம்மையாரின் மூளை அவர் வயதுக்கு நலமாகவே இருந்தது. நினைவிழப்பு நோய்க்கான மாற்றங்கள் குறிப்பிடும்படி இல்லை. இரத்தக் குழாய்களை ஒட்டியும் மூளையின் வெண்பகுதியிலும் நோய் எதிர்ப்பு அணுக்கள் ஆங்காங்கே சில தென்பட்டன. நோயில்லாத முதியவர்களிடமும் இவை காணப்படுகின்றன. அவர் எழுதிக் கேட்டிருந்தபடி இதைத் தங்களுக்குத் தெரிவிக்கிறோம்."

நின்றபடி இரண்டு முறை படித்தேன். மூன்றாம் முறை உட்கார்ந்து படித்தேன். பதினொரு மாதங்களுக்கு முன்பு அதே அணுக்களின் பெயரை வேறொரு தாளில் படித்து, அதை நம்பி ஒரு முடிவுக்கு வந்து, தபாலில் சேர்க்கச் சொல்லிக் கையில் கொடுத்த ஒரு கடிதத்தைச் சேர்க்காமல் வைத்துக்கொண்டவன் நான். அந்தக் கடிதம் அப்போதும் என் பீரோவின் இரண்டாம் தட்டில், மின்கட்டண ரசீதுகளுக்குக் கீழே கிடந்தது. அதைச் சொல்லி எழுதவைத்தவரின் மூளையைப் பற்றித்தான் இந்தக் கடிதம் பேசியது.

அவரை நாங்கள் எல்லோரும் லேப் அக்கா என்றுதான் கூப்பிட்டோம். எங்கள் ஊர்கள் திருச்சி மாவட்டத்தில் சேர்ந்திருந்த காலத்தில், ஒரு சிறிய ஆஸ்பத்திரியில் அவர் பரிசோதனைக் கூடத்தைப் பார்த்துக்கொண்டார். நான் ரெக்கார்டு ரூமில் எழுத்தராக இருந்தேன். லேப் என்பது ஒரு ஜன்னலும் ஒரு மைக்ராஸ்கோப்பும் ஒரு ஸ்பிரிட் அடுப்பும் கொண்ட அறை. இரத்தத்தில் வெள்ளணுக்களை வகை பிரித்து எண்ணுவதற்கு இப்போது பட்டன் வைத்த கருவி இருக்கிறது. அக்கா ஐந்து கிண்ணங்களை வரிசையாக வைத்துக்கொள்வார். வலது கண் லென்ஸில் இருக்கும். இடது கை, பார்த்த அணுவுக்குத் தக்கபடி கிண்ணத்தில் ஒரு புளியங்கொட்டையைப் போடும். நூறு கொட்டை தீர்ந்ததும் நிமிர்ந்து கிண்ணங்களை எண்ணிச் சொல்வார். நான் பக்கத்தில் உட்கார்ந்து தினப்பதிவேட்டில் எழுதுவேன். லேப்புக்கென்று தனி எழுத்தர் கிடையாது. காலை பத்துக்கு மேல் ரெக்கார்டு ரூமில் எனக்கு வேலை குறைவு.

அவரைவிட நான் பத்து வயது இளையவன். என்னை "ரெக்கார்டு தம்பி" என்பார். மழை பெய்த நாள், பஸ் வராத நாள், ஸ்டோருக்குப் பஞ்சு மூட்டை வந்த நாள் என்று எல்லாவற்றையும் சொந்த நோட்டில் எழுதிவைக்கும் என் வழக்கம் அவருக்கு ஓயாத வேடிக்கை. "ஏந்தம்பி, ஊர்ல உள்ள தேதியெல்லாம் எழுதற. ஒன் கல்யாண நாள மட்டும் ஒன் பொண்டாட்டிதான் ஞாபகப்படுத்தணுமா?" என்று நர்ஸ்கள் முன்னால் கேட்டு என்னைத் தலைகுனிய வைத்திருக்கிறார். வேலையில் அவரிடம் ஒரு பிடிவாதம் உண்டு. யாரிடம் மாதிரி வாங்கினாலும் முடிவைக் கொடுத்தே ஆக வேண்டும். இரத்தம் கொடுத்துவிட்டுச் சொல்லாமல் போன நோயாளியைத் தேடி வேப்பந்தட்டை பஸ்ஸில் ஏறிப் போய்ச் சீட்டைக் கொடுத்துவிட்டு வந்த நாள் என் நோட்டில் இருக்கிறது. "சாம்பிள வாங்கிட்டா ரிசல்ட் குடுக்கணும் தம்பி. அது அவங்க ஒடம்பு, நம்ம சொத்து இல்ல."

இருவரும் ஓய்வு பெற்றபின் அவர் பெரம்பலூரில் மகள் வீட்டில் இருந்தார். நான் மாதந்தோறும் இரண்டாம் ஞாயிற்றுக்கிழமை சிமெண்ட் லாரிகளுக்குப் பின்னால் ஊர்ந்து போகும் பஸ்ஸில் சென்று பார்த்துவிட்டு, ஒரு பை சின்ன வெங்காயத்தோடு திரும்புவேன். அப்படி ஒரு ஞாயிறு, தன் உடலைக் கல்லூரிக்கு எழுதிக் கொடுத்துவிட்டதாகச் சொன்னார். மகள் வெங்காயம் உரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தாள். அது வெங்காயத்தாலா என்று அப்போது எனக்குத் தெரியவில்லை. அக்காவோ வேலைக்கு ஆர்டர் வந்ததுபோல் உற்சாகமாக இருந்தார். "கெட்டுப்போன மூளைதான் அவங்களுக்கு நெறைய வருதாம். நல்ல மூளைய யாரும் தர்றதில்லையாம். எல்லாரும் எரிச்சுப்புடறாங்க, பொதச்சுப்புடறாங்க. நான் தரேன்னு சொன்னேன். நல்ல மூளைதானேம்மான்னு அந்த டாக்டர் பொண்ணு கேக்குது. பாத்துட்டு நீயே சொல்லுன்னேன்."

போன தை மாதம் அவர் குளியலறையில் வழுக்கி விழுந்தார். எலும்பு முறியவில்லை. மறுநாள் காய்ச்சல் வந்தது. ஓர் இரவு முழுவதும் பொருத்தமில்லாமல் பேசினார். மூளைக் காய்ச்சலாக இருக்குமோ என்று தனியார் ஆஸ்பத்திரியில் முதுகுத் தண்டிலிருந்து நீர் எடுத்துப் பார்த்தார்கள். மூளைக் காய்ச்சல் இல்லை, சிறுநீரில் தொற்று என்று மருந்து கொடுத்து ஐந்தாம் நாள் அனுப்பிவிட்டார்கள். வீட்டுக்கு வந்ததும் அக்கா முதலில் கேட்டது கண்ணாடி; இரண்டாவது கேட்டது அந்த ரிப்போர்ட். படித்துவிட்டு மடித்துத் தலையணைக்கு அடியில் வைத்தார். அடுத்த ஞாயிறு நான் போனபோது அவர் தூங்கிக்கொண்டிருந்தார். மகள் எடுத்துக் காட்டினாள். நோய் எதிர்ப்பு வெள்ளணுவைக் குறிக்கும் 'லிம்போசைட்' என்ற சொல் என் கண்ணில் பட்டது. அதற்குமேல் நான் படிக்கவில்லை.

ஏன் படிக்கவில்லை என்பதைச் சொல்லியாக வேண்டும். முப்பத்தோரு ஆண்டுகள் நான் ஃபைல்களுக்கு நடுவில் உட்கார்ந்திருந்தவன். முதுகுத் தண்டு நீரில் வெள்ளணு என்று எழுதிய தாள் வந்த ஃபைல்கள் என் நினைவில் இருக்கின்றன. பெரும்பாலும் குழந்தைகள். வலிப்பு, வாந்தி, பிறகு மேலட்டையின் குறுக்கே, சாவைக் குறிக்க, சிவப்பு மையில் ஒரு கோடு. மூளையில் இந்த அணுக்கள் வந்தால் வீடு தீப்பிடித்துவிட்டது என்று பொருள் என நான் யாரிடமும் கேட்டுத் தெரிந்துகொள்ளவில்லை. அந்த அட்டைகளே எனக்குச் சொல்லிக் கொடுத்தன. நல்ல உடம்புக்காரன் எவனும் முதுகைக் காட்டி நீர் எடுக்கச் சொல்லி வந்ததில்லை. அதனால் நலமான மூளைக்கு ஒரு ஃபைல்கூட என் அறையில் இருந்ததில்லை. அது இல்லை என்பதையே நான் கவனித்ததில்லை. உலகம் முழுவதும் என் அலமாரியில் அடங்கியிருப்பதாக நினைத்துக்கொண்டு, வாசலுக்கு வந்து மகளிடம் மெதுவாகச் சொன்னேன்: "அம்மாவுக்கு மூளைல செல்லு வந்துடுச்சும்மா. இனிமே ஏதாவது பேசினா பெருசா எடுத்துக்காத."

மாசி மாதம் நான் போனபோது அக்கா தெளிவாக, சாய்ந்து உட்கார்ந்து எனக்காகக் காத்திருந்தார். மகளைக் காபி போட அனுப்பிவிட்டு, நாற்பது ஆண்டுகளுக்கு மேலாக யாரிடமும் சொல்லாத ஒன்றைச் சொன்னார். ஐப்பசி மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை, அடைமழை. தொழுநோய் இருக்கிறதா என்று பார்க்க இரண்டு பேரிடம் தோலைக் கீறி மாதிரி எடுத்தார். நான்காம் எண் வரதராஜன்பேட்டை மளிகைக்கடைக்காரர் மகள்; இருபது வயது, கல்யாணம் நிச்சயமாகியிருந்தது, முழங்கைக்குக் கீழே ஒரு வெளிறிய தேமல். ஐந்தாம் எண் ஒரு லாரி கிளீனர். ஸ்லைடில் எண்ணைக் கீறும் டைமண்ட் பென்சில் முறிந்துபோயிருந்ததால் மெழுகுப் பென்சிலால் எழுதினார். சாயத்தை நீக்க ஆசிட் கலந்த ஸ்பிரிட்டில் கழுவியபோது இரண்டிலும் எண் கரைந்துவிட்டது.

"எது எதுன்னு தெரியல தம்பி. வலப்பக்கம் வச்சது நாலுன்னு நானா முடிவு பண்ணிக்கிட்டேன். திரும்பக் கூப்புட்டு எடுக்கலாம். வாசல்ல அத்தன கூட்டம். டாக்டரு வாரத்துக்கு ஒரு தடவ வர்ற டாக்டரு, பஸ்ஸுக்கு நேரமாச்சுன்னு நிக்கறாரு. நாலு பாசிட்டிவ், அஞ்சு நெகட்டிவ்னு சொல்லிட்டேன். நீ எழுதிக்கிட்ட."

அந்தப் பெண்ணின் கல்யாணம் நின்றுபோனது. வருடக்கணக்கில் தினமும் ஒரு வெள்ளை மாத்திரை சாப்பிட்டாள். பிறகும் யாரும் அவளைக் கேட்டு வரவில்லை. இவ்வளவும் அக்காவுக்குத் தெரிந்திருந்தது. "மாறியிருக்கலாம்னு அப்ப நெனச்சேன். வருஷம் போகப்போக, மாறிடுச்சுன்னே மனசு சொல்லுது. நீ நம்பலன்னா ஒன் நோட்டப் பாரு. புது டைமண்டு பென்சில் ஸ்டோர்லேந்து எப்ப வந்துச்சுன்னு நீதான் எழுதியிருப்ப. பாத்துட்டுச் சொல்லு."

"பாக்கறேங்க்கா" என்றேன். பார்க்கவில்லை. என் மனத்தில் அந்த ஒரு சொல் உட்கார்ந்திருந்தது. தீப்பிடித்த வீட்டிலிருந்து வரும் சத்தத்துக்கு யார் தேதி பார்ப்பார்கள்? அன்றே மகளை எழுதச் சொல்லி, அந்தப் பெண்ணுக்கு ஒரு கடிதம் சொன்னார். ஒரு பக்கம்தான். நடந்தது இன்னது, உனக்கு அந்த வியாதி இருந்திருக்காது, செய்தவள் நான், உயிரோடு இருக்கும்போது ஒரு வரி பதில் போடு, திட்டியே போடு என்று இருந்தது. கீழே அவரே கையெழுத்துப் போட்டு, உறையை என்னிடம் கொடுத்தார். பஸ்ஸில் வரும்போது யோசித்தேன். நோயாளியின் உளறலை நம்பி, அறுபது வயது தாண்டி எங்கோ அமைதியாக இருக்கும் ஒரு பெண்ணின் புண்ணைக் கிளறலாமா? கூடாது என்று முடிவு செய்தேன். அந்த முடிவு அப்போது எனக்கு ஒரு நல்ல காரியமாகவே தோன்றியது என்பதை இப்போது எழுதக் கை கூசுகிறது.

பங்குனியில் கேட்டார்: "பதில் வந்துச்சா?" வரவில்லை என்றேன். சித்திரையில் கேட்டார். வைகாசியில், ஆனியில், ஆடியில் கேட்டார். ஆவணியில் கேட்கவில்லை, என் முகத்தைப் பார்த்தார், நானாகவே "இன்னும் வரலக்கா" என்றேன். "வராது தம்பி. நான்னாலும் போட மாட்டேன்" என்றார். புரட்டாசி மூன்றாம் சனிக்கிழமை, மாலை நாலரை மணிக்கு, டீ ஆறுவதற்குள் இறந்துபோனார். கல்லூரியிலிருந்து வண்டி வந்து எடுத்துச் சென்றது. தன்னை அந்தப் பெண் மன்னிக்கவில்லை என்று நம்பிக்கொண்டே அவர் போனார். அந்தப் பெண்ணுக்கோ மன்னிக்கலாமா வேண்டாமா என்று யோசிக்கக்கூட வாய்ப்புத் தரப்படவில்லை. இருவருக்கும் நடுவில் என் பீரோ இருந்தது.

கடிதத்தில் ஒரு தொலைபேசி எண் இருந்தது. அன்று மதியமே கூப்பிட்டேன். எடுத்தது ஓர் இளம் டாக்டர் பெண். மூளையில் அந்த அணுக்கள் இருந்தால் அது எப்படி நலமான மூளை என்று கேட்டேன். என் குரல் சண்டைக்குப் போவதுபோல் இருந்திருக்க வேண்டும். அவள் பொறுமையாகச் சொன்னாள். மூளைக்குள்ளேயே பிறந்து வளர்ந்த எதிர்ப்பு அணுக்கள் உண்டு. மெல்லிய கிளைகளை நீட்டி அக்கம்பக்கத்தைத் தடவிப் பார்த்துக்கொண்டே இருக்கும். இரத்தத்திலிருந்தும் சில உள்ளே வந்து தங்குகின்றன. வயதாக ஆக அவை கொஞ்சம் கூடும். "மூளைக்குள்ள இரத்தத்து செல்லே வராதுன்னுதான் சார் ரொம்ப நாள் நெனச்சிருந்தாங்க. அப்படி இல்ல. நல்லா இருக்கறவங்க மூளைலயும் இருக்கு. காவலா, தொந்தரவா, எந்த வயசுல எதுவா மாறுதுங்கறதத்தான் பாத்துக்கிட்டிருக்கோம். நல்லதுல என்ன இருக்கும்னு தெரியாம கெட்டது எதுன்னு எப்படிச் சொல்றது? அதுக்குத்தான் உங்க அக்கா மாதிரி ஆளுங்க வேணும்."

முதுகுத் தண்டு நீரின் ரிப்போர்ட்டைப் பற்றிக் கேட்டேன். "எத்தன செல்னு போட்டிருக்கு சார்?" என்றாள். எனக்குத் தெரியவில்லை. பெரம்பலூருக்குப் போன் செய்தேன். அக்காவின் மகள் தாளைத் தேடி எடுத்து, எழுத்துக் கூட்டிப் படித்தாள். இரண்டு. அதற்குப் பக்கத்திலேயே, ஐந்து வரை இயல்பு என்று அச்சடித்திருந்தது. மறுபடி டாக்டரைக் கூப்பிட்டுச் சொன்னதும் அவள் சிரித்துவிட்டாள். "ரெண்டா? ரெண்டு எனக்கும் இருக்கும், உங்களுக்கும் இருக்கும் சார்."

ரெட்டிபாளையம் பக்கம் பஸ்ஸில் போகும்போதெல்லாம் சிமெண்ட் ஆலை வாசலில் காக்கிச் சட்டைக் காவலாளிகளைப் பார்த்திருக்கிறேன். உள்ளே திருட்டு நடந்துவிட்டது என்று ஒருநாளும் நினைத்ததில்லை. காவல் என்றால் தினமும் நிற்கும் என்பது எனக்குத் தெரியும். அக்காவின் தலைக்குள் மட்டும் அது எனக்குத் தெரியாமல் போயிற்று. ஆயுள் முழுவதும் அந்த அணுக்களைப் புளியங்கொட்டை போட்டு எண்ணியவர் அவர். தன் ரிப்போர்ட்டைப் படித்ததும் மடித்துத் தலையணைக்கு அடியில் வைத்துவிட்டு நிம்மதியாகத் தூங்கியவர். அவரிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.

அன்று மகள் இன்னொன்றும் சொன்னாள். "மாமா, ரிசல்ட்ட யாருக்கு அனுப்பறதுங்கற எடத்துல மொதல்ல எம்பேருதான் இருந்துச்சு. மாசி கடைசில அம்மா அந்தப் பாரத்த வரவழைச்சு, எம்பேர அடிச்சுட்டு ஒங்க பேர எழுதினாங்க. ஏம்மான்னேன். அவன்தான் படிக்கணும்னாங்க."

வாசலில் நான் மெதுவாகச் சொன்னது, உள்ளே படுத்திருந்த அக்காவுக்குக் கேட்டிருக்கிறது.

பிறகுதான் பழைய நோட்டுகள் இருந்த இரும்புப் பெட்டியைத் திறந்தேன். எந்த ஆண்டு என்பதை இங்கே நான் எழுதப்போவதில்லை. அந்தப் பெண்ணின் ஊர்ப்பெயரை மாற்றித்தான் எழுதியிருக்கிறேன்; ஆண்டையும் எழுதினால் அவர் யாரென்று கண்டுபிடித்துவிடுவார்கள். ஆண்டு போடாமல் நான் எழுதும் முதல் குறிப்பு இது. ஐப்பசி, அந்த வாரம், வெள்ளிக்கிழமை: 'ஸ்டோரிலிருந்து லேப்புக்கு டைமண்ட் பென்சில் ஒன்று.' செவ்வாய்க்கு மூன்று நாள் பிறகு. அக்கா சொன்னது ஒரு நாள்கூடப் பிசகவில்லை. எண்பத்தாறு வயதில், நாற்பது ஆண்டுகளுக்கு முந்தைய ஒரு வாரத்தை அவர் மூளை அப்படியே வைத்திருந்தது. ஒரு பக்கம் முன்னால் திருப்பினேன். செவ்வாய்: 'காலையிலிருந்து மழை. லேப் அக்கா என் மேசையிலிருந்து மெழுகுப் பென்சிலை வாங்கிப் போனார். சாயந்திரம் வரை திருப்பித் தரவில்லை.'

என் மெழுகுப் பென்சில். ஃபைல் அட்டைகளில் எண் போட நான் வைத்திருந்தது. அது ஸ்பிரிட்டில் கரையும் என்று எனக்குத் தெரியாது. நான் கொடுத்ததில் குற்றம் ஏதும் இல்லை. ஆனால் அக்கா எல்லாவற்றையும் சொன்னபோது, பென்சில் யாருடையது என்பதை மட்டும் சொல்லவில்லை. அவர் மறந்திருக்க மாட்டார். நானோ அதைத் திருப்பித் தராத குறையோடு எழுதிவைத்து, அதையும் மறந்து, அவர் மூளை கெட்டுவிட்டது என்று அவர் மகளிடமே சொல்லியிருக்கிறேன்.

சனிக்கிழமை காலை வரதராஜன்பேட்டைக்குப் போனேன். கடைத்தெருவில் உறையிலிருந்த பெயரைச் சொல்லிக் கேட்டதும், தையல்கார அம்மாதானே என்று வீட்டைக் காட்டினார்கள். முன்னறையில் மெஷின், சுவரில் மாட்டிய பள்ளிச் சீருடைகள், வாயில் இரண்டு குண்டூசியைக் கவ்வியபடி ஒரு பெண்மணி. நரைத்த தலை, நிமிர்ந்த முதுகு. யார், எதற்கு என்று சொல்லி உறையைக் கொடுத்தேன். குண்டூசிகளை எடுத்து மேசையில் வைத்துவிட்டுப் படித்தார். முகத்தில் எதுவும் மாறவில்லை. தேதியைப் பார்த்தார்.

"மாசில எழுதினதா? இப்ப மார்கழி."

"தபால்ல போடாம நாந்தாங்க வச்சிருந்தேன். அவங்களுக்குப் புத்தி கலங்கிடுச்சுன்னு நெனச்சேன்."

"அந்தம்மா இருக்காங்களா?"

"புரட்டாசில போயிட்டாங்க. அதுவரைக்கும் மாசாமாசம் ஒங்க பதில் வந்துச்சான்னு கேட்டாங்க."

அவர் என்னைத் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டினால் தாங்கிக்கொள்ள வழியெல்லாம் பஸ்ஸில் தயாராகி வந்திருந்தேன். அவர் இடது கையை நீட்டி, முழங்கைக்குக் கீழே விரலை வைத்துக் காட்டினார். அங்கே இப்போது ஒன்றும் இல்லை.

"எனக்கு வியாதி இல்லேன்னு எனக்கு அப்பவே தெரியுங்க. அந்த வியாதின்னா அந்த எடத்துல உணர்ச்சியே இருக்காதுன்னாங்க. நான் அப்பவே தையல் பழகிக்கிட்டிருந்தேன். தெனம் நானே ஊசிய எடுத்து அந்தத் தேமல்ல குத்திப் பாப்பேன். சுருக்குன்னு வலிக்கும். எங்கப்பாகிட்டச் சொன்னேன், மாத்திர குடுத்தவருகிட்டச் சொன்னேன், மாப்ள வூட்டுக்காரங்க முன்னாடியே குத்திக் காட்டினேன். ரத்தம்கூட வந்துச்சு. பேப்பர்ல இருக்கேம்மான்னாங்க." நீட்டிய கையை மடக்கிக்கொண்டு, "அந்தம்மாவ நீங்க நம்பாததும் பேப்பர்ல பாத்துத்தானா?" என்று கேட்டார்.

ஆமாம் என்று தலையை அசைத்தேன். அவர் கடிதத்தை மடித்து, அளவு எழுதும் நோட்டுக்குள் வைத்தார். மெஷின் சக்கரத்தில் கையை வைத்தவர், திடீரென்று எடுத்துவிட்டார். அப்போதுதான் அவர் முகம் மாறியது.

"எனக்கு வலிச்சுது. அந்த இன்னொரு ஆளுக்கு வலிச்சிருக்காதே."

"எந்த ஆளுக்குங்க?" என்றேன்.

"ஒனக்கு ஒண்ணுமில்லன்னு சொல்லி அனுப்பிட்டீங்களே, அவரு. கையில சுட்டாக்கூடத் தெரியாம எத்தன வருஷம் லாரில போனாரோ. எனக்காவது தேவையில்லாத மாத்திர கெடச்சுது. அவருக்கு வேணுங்கற மாத்திரயே கெடைக்கலியே. அவரத் தேடினீங்களா?"

தேடவில்லை. அக்காவின் கடிதத்திலும், ஸ்லைடு மாறிய 'ஒரு லாரி கிளீனர்' என்ற அரை வரிக்கு மேல் அவர் இல்லை. நாற்பது ஆண்டு அக்கா அந்தப் பெண்ணுக்காகவே அழுதார். இரண்டு நாளாக நான் அக்காவுக்காகவும் எனக்காகவும் மட்டும் நடுங்கிக்கொண்டிருந்தேன். ஐந்தாம் எண்ணை நினைத்துப் பார்த்த முதல் ஆள், அந்த ஐந்தாம் எண்ணின் நோயை ஏட்டில் சுமந்த நான்காம் எண்தான்.

"ஒங்ககிட்டத்தான் எல்லாம் எழுதி இருக்குமே" என்றார். குத்தலாகச் சொல்லவில்லை; உண்மையாகவே நம்பிச் சொன்னார். "ஊரு தெரிஞ்சா சொல்லுங்க, நானும் வரேன்."

எல்லாம் எழுதி இருந்தது. கழிவுக்குப் போகவிருந்த லேப் தினப்பதிவேடுகள் சிலவற்றை, ஓய்வு பெறும்போது அனுமதி கேட்டு வாங்கி வந்திருந்தேன். அந்த ஐப்பசியும் அதில் இருக்கிறது. அரியலூர் திரும்பியதும் செருப்பைக்கூடக் கழற்றாமல் எடுத்துப் பிரித்தேன். என் கையெழுத்து, அந்த வயதுக்குரிய வளைவுகளோடு. செவ்வாய்க்கிழமை, தேதி, மாதம், ஆண்டு, காலை மணி பத்து ஐம்பது. வரிசை எண் நான்கு: பெண், இருபது, வரதராஜன்பேட்டை. வரிசை எண் ஐந்து: ஒரு பெயர், ஆண், இருபத்தாறு, லாரி கிளீனர். ஊர் என்ற கட்டத்தில் 'மேற்படி'.

மேற்படி என்றால் மேல்வரியில் உள்ளதே இதற்கும். ஒரே பஸ்ஸில் ஒரே ஊரிலிருந்து பலர் வருவார்கள். ஒவ்வொருவருக்கும் ஊர்ப்பெயரை எழுதி முடிக்க நேரம் ஆகும். சில சமயம் கேட்டுவிட்டு மேற்படி போடுவேன். கூட்டம் அதிகமென்றால் கேட்காமலே போட்டதும் உண்டு. அன்று எது என்று எனக்கு நினைவில்லை. தையல்கார அம்மாவுக்குப் போன் செய்து அந்தப் பெயரைச் சொன்னேன். அப்படி ஒரு பெயரில் லாரிக்குப் போன ஆள் தங்கள் ஊரில் அந்த நாளில் யாரும் இல்லை என்றார். கடைத்தெருவில் வயதானவர்களையும் விசாரித்துப் பார்ப்பதாகச் சொல்லியிருக்கிறார். வாரம் ஒருமுறை கூப்பிடுகிறார். "தெரிஞ்சுதா?" என்று கேட்கிறார். அக்கா கேட்ட அதே தொனி. இப்போது நான் பொய் சொல்வதில்லை.

இதை எழுதும்போது கல்லூரியிலிருந்து வந்த உறை எதிரில் இருக்கிறது. மூலையில் நான் எழுதிய பதினொன்று நாற்பது. அருகில் அந்தப் பதிவேடு. அதிலும் மணி, தேதி எல்லாம் சரியாகவே இருக்கின்றன. அக்காவின் மூளையைப் பற்றி இனிச் சரிபார்க்க ஒன்றும் இல்லை. அது கடைசி வரை நலமாக இருந்தது. ஐந்தாம் எண்ணுக்குரியவரின் ஊர் எது, பிறகாவது யாரேனும் அவருக்கு அந்த நோயைக் கண்டு மாத்திரை கொடுத்தார்களா, இன்று இருக்கிறாரா என்பவை இந்த வரியை எழுதும் வரை சரிபார்க்கப்படவில்லை.